பிரமோஷனுக்கு ஆகாத பலா

எங்களுக்குக் கிடைத்த குவார்ட்டர்ஸில் வீடு சின்னது, தோட்டத்துக்கான இடம் பெரியது. ஒரு கூடம், ஓர் அறை, உட்கார்ந்து சமைக்கிற சமையலறை, அவ்வளவுதான் வீடு. பின்கதவைத் திறந்தால் செம்மண் தரை வேலிவரைக்கும் வெறுமனே கிடந்தது. அறுபதுகளின் தொடக்கம் அது. நெய்வேலியில் சுரங்கமும் புதிது, தெருக்களும் புதிது, குடித்தனக்காரர்களும் புதிது. நிழல் வேண்டுமென்றால் நாமே குடை பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும்.

நான் விருதுநகர்ப் பக்கத்துக்காரி. வாடகை வீடுகளிலேயே வளர்ந்தவள். எங்களுக்கு வாய்த்த வீட்டுக்கார அம்மாள்கள் சுவரில் ஆணி அடிப்பதற்கே அனுமதி கேட்க வைத்தார்கள். அங்கே செடி எங்கே வைப்பது? வைத்திருந்தாலும் எதை ஊற்றுவது? குடிக்கிற தண்ணீரை நாங்கள் குடம் கணக்கில் விலைக்கு வாங்கினோம். அரிசி களைந்த தண்ணீரில் பாத்திரம் அலசுவோம், அலசிய தண்ணீரை வாசலில் தெளிப்போம். ஒரு செம்பு தண்ணீரைக் கீழே கொட்டிவிட்டால் என் அம்மா என்னைப் பார்க்கிற பார்வையிலேயே மிச்சமிருக்கிற ஈரமும் காய்ந்துவிடும்.

அப்படி வளர்ந்தவளை நெய்வேலிக் குழாயடியில் கொண்டுவந்து நிறுத்தினால் என்ன ஆகும்? சுரங்கத்தில் நிலக்கரிக்கு அடியில் இருக்கிற தண்ணீர் மேலே பொங்கி வந்துவிடக் கூடாது என்பதற்காக இரவும் பகலும் இறைத்துக்கொண்டே இருந்தார்கள். அது வாய்க்கால் வாய்க்காலாக ஓடியது. எங்கள் வீட்டுக் குழாயைத் திருகினால் கை வலிக்கிறவரைக்கும் தண்ணீர். முதல் வாரம் நான் குழாயைத் திறந்துவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து அது கொட்டுவதைச் சும்மா பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறேன்.

இவ்வளவு தண்ணீர் இருக்கும்போது தோட்டம் போடாவிட்டால் அது பாவம் என்று எனக்குத் தோன்றியது. என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். உடனே அவர் சுவரில் தொங்கிய தினசரிக் காலண்டரிடம் போனார்.

இங்கே அவரைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். சுரங்கத்தில் கன்வேயர் பெல்ட் ஓட்டுகிற ஆபரேட்டர் அவர். அதைவிட முக்கியமாக, பகுத்தறிவாளர். எங்கள் கல்யாணமே ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், சரியாக ராகுகாலத்தில் நடந்தது. ராகுகாலம் முடிந்துவிடப் போகிறதே என்று மாப்பிள்ளை அவசரப்படுத்திய கல்யாணம் எங்கள் சாதி சனத்திலேயே அது ஒன்றுதான். பஞ்சாங்கத்தை நம்புகிறவர்கள்கூட அவரைப்போல அவ்வளவு அக்கறையாகக் காலண்டர் பார்த்ததில்லை. அவர்கள் நல்ல நாள் தேடுவார்கள், இவர் கெட்ட நாள் தேடுவார், அதுதான் வித்தியாசம்.

"வெள்ளிக்கிழமை கரிநாள். அன்னைக்கே விதை போட்டுருவோம்" என்றார். "செடிக்கு வெயிலும் தண்ணியும் போதும். மத்ததெல்லாம் மூடநம்பிக்கை."

கரிநாளில் கொத்தமல்லி விதைத்தேன். கொத்தமல்லியை விதைக்கும்முன் தேய்த்து இரண்டாக உடைக்க வேண்டும் என்பது எனக்குத் தெரியாது. முழுசு முழுசாகக் குழி தோண்டிப் புதைத்தேன். பண்ருட்டிச் சந்தையிலிருந்து கத்தரி நாற்றும் தக்காளி நாற்றும் வாங்கிவந்து உச்சி வெயிலில் நட்டேன். பிறகு ஊற்ற ஆரம்பித்தேன் பாருங்கள், தண்ணீர்! காலையில் ஊற்றினேன். மத்தியானம் செடி வாடினாற்போல் இருந்ததா, பாவம் என்று மறுபடி ஊற்றினேன். சாயங்காலம் வேலை முடிந்து வந்த அவர், தன் பங்குக்கு அவரும் ஊற்றினார். வாழ்நாளெல்லாம் எனக்குக் கிடைக்காத தண்ணீரை அந்தக் கத்தரிச் செடிகள் ஒரே வாரத்தில் குடித்தன.

பக்கத்துக் குவார்ட்டர்ஸில் ஓர் அக்கா இருந்தாள். கம்மாபுரம் பக்கத்துக்காரி, என்னைவிட நாலைந்து வயது மூத்தவள். அவள் புருஷன் வீட்டு நிலம் சுரங்கத்துக்குப் போனதில் அவருக்கு இங்கே வேலை கிடைத்திருந்தது. எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரு முள்கம்பி வேலி. அந்த வேலிக்கு அந்தப் பக்கம் அவள் இடுப்பில் கைவைத்துக்கொண்டு வந்து நின்றால் எனக்கு அன்றைய வசவு ஆரம்பம் என்று அர்த்தம்.

"ஏம்மா, தோட்டம் போடறியா, நடவுக்குச் சேறு கலக்கறியா? எப்பப் பாரு ஊத்திகினே இருக்கிறியே!"

"வெயில் காயுதேக்கா."

"வெயிலு காயத்தான் காயும். இப்படி ஊத்தினா கத்திரிக்கா காய்க்காது, கெண்ட மீனு வேணா புடிக்கலாம்."

சொன்னது சொன்னபடி நடந்தது, மீன் ஒன்றைத் தவிர. கத்தரிச் செடிகள் மஞ்சளாகித் தலையைத் தொங்கப் போட்டன. தலை தொங்குகிறதே, தாகமாக இருக்கும் என்று இன்னும் ஊற்றினேன். தக்காளி வேரோடு அழுகிச் சாய்ந்தது. கொத்தமல்லி மண்ணைவிட்டு வெளியே வரவே இல்லை. அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்று பள்ளிக்கூடத்தில் நூறு தடவை எழுதியிருக்கிறேன். ஆனால் தண்ணீர் அளவுக்கு மிஞ்சும் என்று எங்கள் ஊரில் யாருக்குத் தோன்றும்?

அக்காவோ கரிநாளின் மேல் பழி போட்டாள். அவர் அதைக் கேட்டுக் கொதித்தார். அடுத்த முறை இன்னும் மோசமான ஒரு நாளைத் தேர்ந்தெடுத்தார், அஷ்டமியில் ராகுகாலத்தில் வெண்டை. அதுவும் போனது. "தண்ணி ஜாஸ்தியானது அறிவியல் காரணம்" என்று அக்காவுக்குக் கேட்கிற மாதிரி வேலியோரம் நின்று சொன்னார். அதை என்னிடம் முன்னாடியே சொல்லியிருக்கலாம்.

இந்தச் சமயத்தில்தான் அவர் பண்ருட்டியிலிருந்து ஒரு பலாப்பழம் கொண்டுவந்தார். பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தாராம், சட்டையெல்லாம் பால். பழத்தை அக்கா வீட்டுக்கும் கொடுத்து, நாங்களும் தின்று, கொட்டைகளைக் குழம்புக்காகக் காயப் போட்டேன். அதில் ஒன்று முளைவிட்டிருந்தது. குழம்பில் போட மனசு வரவில்லை. தோட்டத்தின் கடைசி மூலையில், வீடு கட்டியவர்கள் விட்டுப்போன செங்கல் துண்டும் மண்ணுமாக ஒரு மேடு இருந்தது. அதில் கையாலேயே ஒரு குழி பறித்து வைத்துவிட்டு வந்தேன். குழாயடியிலிருந்து அது தூரம். வாளி தூக்கிக்கொண்டு அவ்வளவு தூரம் நடக்கச் சோம்பல். இரண்டு நாளில் அதை மறந்தே போனேன்.

மழைக்காலம் வந்து போனது. ஒரு நாள் துணி உலர்த்தக் கொடி கட்டப் போனபோது அந்த மேட்டில் பளபளவென்று கரும்பச்சையில் நாலு இலை. நான் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். என் கையால் வைத்து உயிரோடு இருந்த முதல் செடி அது. மரம் வைத்தவன் தண்ணீர் ஊற்றுவான் என்பார்கள். இந்த மரம் வைத்தவள் தண்ணீர் ஊற்றாததால்தான் பிழைத்தது. இருந்தாலும் எனக்கு வந்த சந்தோஷத்தை எப்படிச் சொல்ல? பக்கத்து வீட்டுக்குக் கேட்கிறாற்போல் கத்தினேன்.

அக்கா வேலியோரம் வந்தாள். பார்த்தாள். வழக்கமாக அவள் முகத்தில் வருகிற கிண்டல் வரவில்லை. கையை வாயில் வைத்துக்கொண்டாள்.

"அடிப்பாவி, பலாவையா வெச்ச?"

"ஏன்க்கா, வைக்கக் கூடாதா?"

"பலா காய்க்கறதுக்கு ஏழெட்டு வருசம் ஆவும். அதுவரிக்கும் இதே வூட்டுலியே குந்திகினு இருக்கப் போறியா? உன் வூட்டுக்காரருக்குப் பிரமோஷன் வேணாமா?"

எனக்குப் புரியவில்லை. அவள்தான் விளக்கினாள். எங்கள் டவுன்ஷிப்பில் வீடு என்பது ஆளைப் பொறுத்தது இல்லை, கிரேடைப் பொறுத்தது. கிரேடு ஏறினால் பெரிய குவார்ட்டர்ஸ், வேறு பிளாக். ஆகவே எங்கள் தெருவில் எல்லோரும் கீரை போடுவார்கள், வெண்டை போடுவார்கள், மிஞ்சிப்போனால் வாழையும் முருங்கையும். ஆற அமர வளர்கிற மரத்தை மட்டும் யாரும் வைப்பதில்லை. வைத்தால், இந்த வீட்டு ஆம்பளை இதற்குமேல் ஏறப்போவதில்லை என்று அந்த வீட்டுப் பெண்ணே வாயால் சொல்லிவிட்ட மாதிரி. இதற்குச் சாட்சியும் இருந்தது. வேறொரு பிளாக்கில் ஒரு டிரைவர் பெண்டாட்டி தென்னம்பிள்ளை வைத்தாளாம். அன்றிலிருந்து அந்த மனிதர் அதே கிரேடில் நிற்கிறாராம். அவர் எந்தப் பரீட்சைக்கும் போகவில்லை என்பதை மட்டும் யாரும் சொல்லவில்லை.

சாயங்காலத்துக்குள் விஷயம் தெரு முழுக்கப் பரவிவிட்டது. புதுக் குழந்தையைப் பார்க்க வருகிற மாதிரி பெண்கள் ஒவ்வொருவராக என் பலாவைப் பார்க்க வந்தார்கள். பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார்கள். "பரவாயில்ல, இந்த வீடும் காத்தோட்டமாத்தான் இருக்கு" என்று ஒருத்தி ஆறுதல் சொல்லிவிட்டுப் போனாள்.

அன்று அவர் சிரித்த சிரிப்பு இருக்கிறதே, தெருமுனைவரை கேட்டிருக்கும். "பலாவுக்கும் பிரமோஷனுக்கும் என்னடி சம்பந்தம்? வேணும்னா இன்னும் நாலு கொட்டையைப் போடு" என்றார். போர்மேன் வேலைக்கு இன்டர்வியூ வரப்போகிற நேரம் அது. தனக்குத்தான் கிடைக்கும் என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. அவருக்கு மட்டும் இல்லை, அவரோடு வேலை பார்த்தவர்களுக்கும் இல்லை.

கிடைக்கவில்லை. வேறு ஒருவருக்குப் போனது. அன்று வீட்டுக்கு வந்தவர் சைக்கிளை நிறுத்திவிட்டு, கை கால் கழுவாமல் பின்வாசல் படியில் உட்கார்ந்தார். காபி கொடுத்தேன். குடித்தார். அவர் பார்வை எங்கே போயிற்று என்று நான் பார்க்காமல் இருந்திருக்கலாம். மூலை மேட்டில் முழங்கால் உயரத்துக்கு நின்றுகொண்டிருந்தது பலா.

காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை என்று ஊருக்கு யார் சொல்வது? ஊர் வாயை மூட உலைமூடி ஏது? ஆனால் எனக்கு வேடிக்கையாக இருந்தது ஊர் இல்லை, அவர். செடியைப் பிடுங்கு என்று அவரால் சொல்ல முடியாது. சொன்னால் ராகுகாலத்தில் தாலி கட்டியதற்கு என்ன மரியாதை? ஆகவே அறிவியலைத் துணைக்குக் கூப்பிட ஆரம்பித்தார்.

"பலா வேர் ரொம்ப தூரம் ஓடும். சுவர் விரிசல் விட்டுரும்" என்றார் ஒரு நாள்.

"சுவர் எங்க இருக்கு, மரம் எங்க இருக்கு? அது மரமாகவே இன்னும் ஆகலையே."

இன்னொரு நாள், "பழம் பழுத்தா ஈ மொய்க்கும். வியாதி வரும்."

"பழுக்க ஏழு வருஷம் இருக்கு. அதுக்குள்ள ஈக்கு ஒரு வழி பண்ணிரலாம்."

"பாம்பு அடையும்."

"அது இலை இருக்கிற எல்லா மரத்துலயும்தான் அடையும்."

பிறகு அந்த மூலையில் கோழிக்கூடு வைத்தால் முட்டை கிடைக்குமே என்றார். முட்டை வாடையே ஆகாத மனிதர்! நான் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டே ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன். எனக்கு அதில் நல்ல ருசி ஏறியிருந்தது. ஆபீஸ் அதிகாரிகளையே கேள்வி கேட்டு மடக்குகிறவர், முழங்கால் உயரச் செடியிடம் மாட்டிக்கொண்டு முழிக்கிறாரே!

ஒரு நாள் கேட்டே விட்டேன். அவருக்கு அன்று வாராந்தர விடுமுறை. குழாயடியில் சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"என்னங்க, நேரடியாச் சொல்லுங்க. அந்தச் செடியைப் பார்த்தா உங்களுக்குப் பயமா?"

கோபப்படுவார் என்று நினைத்தேன். துடைத்துக்கொண்டிருந்த துணியைக் கீழே வைத்தார்.

"எனக்கு அதுல நம்பிக்கை கிடையாது. சத்தியமா கிடையாது. ஆனா ஷிப்ட் பஸ்ல ஏறினா, 'என்னப்பா, பிஞ்சு விட்டுச்சா?'ன்னு கேக்குறானுங்க. ரிலீவ் பண்ண வர்றவன் கேக்குறான். புதுசா வந்த போர்மேன் கேக்குறான். இத்தனை நாளா அவனுங்க நல்ல நேரம் பாக்குறதைப் பார்த்து நான் சிரிச்சேன். இப்ப அவனுங்க முறை. திருப்பிச் சொல்ல எனக்கு வாய் வரமாட்டேங்குது. தோத்தவன் பேசினா யார் கேப்பா?"

அதற்குப் பிறகு எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஊரைக் கிண்டல் பண்ணியே வாழ்ந்த மனிதர், தன்னைக் கிண்டல் பண்ணினால் தாங்க மாட்டார் என்பது எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஒரு பக்கம் அவர் முகம். இன்னொரு பக்கம் என் கையில் தப்பிப் பிழைத்த ஒரே ஒரு செடி. ஆயிரம்தான் இருந்தாலும் புருஷனா செடியா என்றால் என்ன சொல்வது? சொல்லத்தான் முடியவில்லையே தவிர, பதில் தெரிந்துதான் இருந்தது.

அவர் மத்தியான ஷிப்டுக்குப் போன பிறகு மண்வெட்டியை எடுத்துக்கொண்டு மூலைக்குப் போனேன். இடுப்பளவு வளர்ந்திருந்தது. தளிர் ஒன்று விரியாமல் கூம்பி நின்றது. சுற்றிலும் கொத்தினேன். வேர் எங்கேயோ போயிருந்தது. தண்ணீர் ஊற்றாத செடி, தானே தேடிக்கொண்டு கீழே இறங்கியிருக்கிறது. தண்டைப் பிடித்து ஓர் ஆட்டு ஆட்டினேன்.

"ஏம்மா!"

வேலிக்கு அந்தப் பக்கம் அக்கா. கையில் முறம். இதற்கும் ஏதாவது சொல்லி மானத்தை வாங்குவாள் என்று நான் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

"புடுங்கறதா இருந்தா நான் வூட்டுக்குள்ள போனப்பறம் புடுங்கு. என்னால பாக்க முடியாது" என்றாள்.

"நீங்கதானேக்கா வைக்கக் கூடாதுன்னு சொன்னீங்க?"

"சொன்னேன். விளையாட்டுக்குச் சொன்னேன். எங்க நெலத்துல நின்னுதெல்லாம் பலாதான். மிசினு வந்து சாய்ச்சப்போ அத்தினியும் காய் புடிச்சிகினு இருந்திச்சி. எங்கூட்டு ஆம்பள நஷ்டஈட்டுக்குக் கணக்குப் பாத்துகினு நின்னாரு. என்னால நிக்க முடியல."

முறத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள், கதவையும் சாத்திக்கொண்டாள். நான் பிடுங்கட்டும் என்றுதான் சாத்தினாள். நான் கொத்திய மண்ணையெல்லாம் திரும்ப அணைத்துக் காலால் மிதித்துவிட்டேன்.

ஷிப்ட் முடிந்து வந்தவருக்குச் சோறு போடும்போது சொன்னேன். "செடி இருக்கட்டும். யாராவது கேட்டா, என் பொண்டாட்டி வச்சதுன்னு சொல்லுங்க. அவகிட்டப் போய்க் கேளுங்கடான்னு சொல்லுங்க. நான் பதில் சொல்லிக்கிறேன்."

அவர் என் நகக்கண்ணில் இன்னும் ஒட்டியிருந்த மண்ணைப் பார்த்தார். "இருந்துட்டுப் போகட்டும்" என்றார். அதன்பிறகு வேர், ஈ, பாம்பு, கோழிக்கூடு எல்லாம் எங்கள் வீட்டிலிருந்து காலி செய்துகொண்டு போய்விட்டன. நானும் ஒரு வழியாகத் தண்ணீரை அளந்து ஊற்றக் கற்றுக்கொண்டேன். அந்த வருஷம் வெண்டை காய்த்தது. முதல் காயை அக்காவிடம் கொடுத்தேன். முற்றல் என்று சொல்லிக்கொண்டே வாங்கிக்கொண்டாள்.

மறுபடி போர்மேன் இன்டர்வியூ வந்தபோது பலா என் தலைக்குமேல் வளர்ந்திருந்தது. இந்தத் தடவை அவர் பெருமை பேசவில்லை, படித்தார். மெஷின் படங்களைப் போட்டு வைத்துக்கொண்டு, பலா மேட்டுக்குப் பக்கத்தில் கயிற்றுக் கட்டிலைப் போட்டுப் படித்தார். வேண்டுமென்றே அங்கே போட்டார் என்றுதான் நினைக்கிறேன், தெரு பார்க்கட்டும் என்று.

கிடைத்துவிட்டது. அன்று அவர் சைக்கிள் மணியைத் தெருமுனையிலிருந்தே அடித்துக்கொண்டு வந்தார். ஆனால் தெரு சளைத்ததா? "பலா இருந்தும் கிடைச்சிருக்குன்னா, இல்லாம இருந்திருந்தா இந்நேரம் இன்ஜினியரே ஆகியிருப்பாரு" என்றார்கள். அவர் அதைக் கேட்டு வாய்விட்டுச் சிரித்தார். ஜெயித்தவரால் சிரிக்க முடிந்தது.

சில மாதம் கழித்துப் பெரிய குவார்ட்டர்ஸின் சாவி கையில் வந்தது. வீட்டைப் பார்க்க இருவரும் சாயங்காலம் போனோம். மறைக்காமல் சொல்கிறேன், எனக்குக் கால் தரையில் பாவவில்லை. இரண்டு அறை. நின்றுகொண்டு சமைக்க மேடை. சமையலறைக்குள்ளேயே குழாய். கூடத்துச் சன்னல் ஒவ்வொன்றும் கதவளவு. எந்த அலமாரியில் எதை வைப்பது என்று அங்கேயே முடிவு செய்துவிட்டேன். என் இடுப்பு வலிக்கெல்லாம் அந்த மேடை ஒன்று போதும்.

அப்புறம் பின்கதவைத் திறந்தேன்.

போனவர்கள் தோட்டத்தை வழித்து எடுத்துக்கொண்டு போயிருந்தார்கள். அதுதான் எங்கள் டவுன்ஷிப் வழக்கம், நான் மறந்திருந்தேன். வாழை நின்ற இடத்தில் குழி. முருங்கை நின்ற இடத்தில் குழி. கறிவேப்பிலையைக்கூட வேரோடு கெல்லியிருந்தார்கள். வேலிக் கம்பியும் இல்லை. வைத்ததை விட்டுப்போக யாருக்கும் மனசு வருவதில்லை, கொண்டுபோக முடியாவிட்டால் வெட்டியாவது விடுவார்கள்.

"நாம அப்படிச் செய்ய வேண்டாங்க" என்றேன். "வர்றவங்களுக்கு இருந்துட்டுப் போகட்டும். வெண்டை, கீரை, பலா எல்லாம்."

அவர் ஒரு குழியின் ஓரத்தில் செருப்பால் மண்ணைத் தள்ளிக்கொண்டு நின்றார்.

"வர்றவன் முதல் வேலையா அந்தப் பலாவை வெட்டுவான்" என்றார்.

"ஏன் வெட்டணும்?"

"அவனுக்கும் பிரமோஷன் வேணுமில்ல?"

நான் அதை நினைத்துப் பார்த்திருக்கவே இல்லை. அவர் சொன்னது அப்படியே உண்மை. எங்கள் தெருவில் அந்த மரத்தின் புகழ் தெரியாதவர்கள் கிடையாது. புதிதாக வருகிறவனுக்குச் சாமான் இறக்குவதற்கு முன்னாடியே யாராவது சொல்லிவிடுவார்கள். அவனும் பாவம், இளம் வயசு ஆபரேட்டராக இருப்பான். அவன் பெண்டாட்டியே அரிவாளை எடுத்துக் கொடுப்பாள்.

"வெட்டினா வெட்டட்டும். வீடு கம்பெனி வீடு, மண் கம்பெனி மண். நமக்கென்ன?" என்றேன். குரல் நான் நினைத்த மாதிரி வரவில்லை. மேடையை இன்னொரு தடவை போய்த் தொட்டுப் பார்த்துவிட்டு வந்தேன். திரும்பி நடக்கும்போது நான் எதையும் கேட்கவில்லை. அந்தப் பெரிய வீட்டை விட்டுவிடுங்கள் என்று கேட்க எனக்கு எந்த நியாயமும் இல்லை. அவர் அதற்காகப் பட்ட அவமானம் எனக்குத் தெரியும். வீட்டுக்கு வந்து பாத்திரங்களைச் சாக்கில் கட்ட ஆரம்பித்தேன்.

மறுநாள் மத்தியானம் அவர் வெளியே போய்விட்டு வந்தார். நான் கட்டி வைத்திருந்த சாக்கில் ஒன்றைப் பிரித்து, தண்ணீர் குடிக்க ஒரு டம்ளரைத் தேடி எடுத்தார்.

"சாவியைத் திருப்பிக் கொடுத்துட்டேன்" என்றார்.

பாதி கட்டியிருந்த சாக்கின் கயிற்றை விட்டுவிட்டேன். "என்னது?"

"இதே வீட்டுல இருந்துக்கிறோம்னு எழுதிக் கொடுத்தாச்சு. இப்ப விட்டா அடுத்து எப்பக் கிடைக்கும்னு சொல்ல முடியாதுன்னாரு ஆபீசர். பரவால்லைன்னுட்டேன்."

"காரணம் கேட்கலையா?"

தண்ணீரை நிதானமாகக் குடித்து முடித்தார். நான் இருக்கிற பக்கமே பார்க்கவில்லை.

"கேட்டாரு. மரத்துக்காகன்னு சொன்னா அந்த ஆபீஸே சிரிக்காதா? அதனால... என் சம்சாரம் சாஸ்திரம் பார்க்குறவ, அந்த வீட்டு வாசல் ஆகாதுங்கிறான்னு சொல்லிட்டேன்."

இந்த மனிதர்! சாஸ்திரம் பார்க்கிறவன் வீட்டில் கைநனைக்க மாட்டேன் என்று என் சித்தப்பா வீட்டு விருந்தையே வேண்டாமென்றவர். பஸ்ஸில் பத்துப் பேர் கிண்டல் பண்ணியபோதுகூடத் தன் கொள்கையை விட்டுக் கொடுக்காதவர். அதை ஒரு ஆபீசர் மேசை முன்னால் நின்று விட்டுக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறார். நாளைக்குள் இந்தச் செய்தி ஷிப்ட் பஸ்ஸில் ஏறிவிடும் என்பது அவருக்குத் தெரியாதா?

"வாசல் எந்தப் பக்கம்னு சொன்னீங்க?" என்று எப்படியோ கேட்டேன்.

"இருக்கிறதைத்தான் சொன்னேன். கிழக்கு பார்த்த வாசல், அது எங்களுக்கு ஆகாதுன்னு."

"கிழக்கா?"

"ஆமா. ஏன்?" டம்ளரோடு என் பக்கம் திரும்பினார். "கிழக்குதானே ஆகாது?"

கிழக்கு வாசல் கிடைக்காதா என்று ஊரே தவம் கிடக்கிறது. தினசரிக் காலண்டரில் நேரம் காலம் போட்டிருப்பான், வாசல் பார்க்கிற திசைக்குப் பலன் போட்டிருக்க மாட்டான். கெட்ட நேரமெல்லாம் மனப்பாடமாகத் தெரிந்த மனிதருக்கு நல்ல திசை ஒன்றுகூடத் தெரிந்திருக்கவில்லை.

"அதான் அந்த ஆபீசர் என்னை ஒரு மாதிரியாப் பார்த்தாரா!" என்றார்.

நான் சிரிக்க ஆரம்பித்தேன். சாக்கின் மேலேயே உட்கார்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். கொஞ்ச நேரத்தில் முந்தானையால் கண்ணைத் துடைக்க வேண்டியதாயிற்று, துடைக்கத் துடைக்க வந்துகொண்டே இருந்தது. அவர் பயந்துபோய்ப் பக்கத்தில் வந்து குந்தினார்.

"அழாதே. வேணும்னா நாளைக்குப் போய் மேற்குன்னு மாத்திச் சொல்லிட்டு வர்றேன்" என்றார்.